பவளத்தின் வலியைப் பங்கிட்டுக்கொண்ட நாடு

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மலையும் ஆறும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், செஞ்சாலி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ஆற்றை மலைக்குப் பின்னால் மந்திரத்தால் கட்டிப்போட்டிருந்தான் காலகண்டன் என்ற மந்திரவாதி. தை பிறந்ததும் தன் புகைக்குதிரையோடு வந்து நிற்பான். "என் குதிரையை ஜெயித்தால் ஒரு வருடம் தண்ணீர். தோற்றால் ஒரு வருடம் தாகம்" என்பான்.

அந்த நாட்டில் நெல் விளைந்ததற்கு ஒரே காரணம் பவளம். செக்கச்செவேலென்ற பெண் குதிரை. அவள் ஓடுவாள், ஓடுவாள், ஓடிக்கொண்டே இருப்பாள். காற்று பின்னால் மூச்சு வாங்கும். குட்டியிலிருந்து அவளை வளர்த்தவளும், பந்தயத்தில் அவள்மேல் ஏறி ஓட்டியவளும் குழலி என்ற பெண். வருடந்தோறும் பவளம் ஜெயித்தாள், வருடந்தோறும் ஆறு வந்தது.

காலகண்டனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தையில், பவளம் கடைசி வளைவில் முந்திக்கொண்டு வரும்போது, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தான். தரைக்குள்ளிருந்து ஒரு வேர் பாம்புபோல் எழும்பியது. பவளத்தின் முன்னங்கால் அதில் சிக்கி, மடக்கென்று ஒடிந்தது. புகைக்குதிரை ஜெயித்தது. ஆறு வற்றியது.

அரண்மனை வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இனி அவள் ஓடப்போவதில்லை, வேதனைப்பட விடாமல் முடித்துவிடுவதுதான் இரக்கம் என்று அரசனிடம் சொன்னார்கள். குழலி பவளத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நகர மறுத்தாள். அவள் ஓட வேண்டாம், என்னோடு இருந்தால் போதும் என்று கெஞ்சினாள். அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழைத்துப் போ" என்றான்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, மலையடிச் சுனைக்குக் கொண்டுபோனாள் குழலி. ஊரில் குதிரைக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. சுனையில் மட்டும் மிச்சமிருந்தது. பவளம் வாய் வைத்ததும் தண்ணீர் கலங்கி, அந்தச் சுனையின் தேவதையான நீரரமகள் தலை தூக்கினாள்.

"பெண்ணே, எலும்பை நான் கூட்டிவிடுவேன். காலகண்டன் முறித்தது மறுபடி எழுந்து அவனை ஜெயித்தால், அவன் மந்திரமெல்லாம் அன்றோடு சரி. ஆனால் வலியை அழிக்க எனக்குச் சக்தி இல்லை. அதை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்."

"எனக்குக் கொடுங்கள் தாயே" என்றாள் குழலி.

பவளம் நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள். நாள் போகப் போக எலும்பு கூடியது, குழலியின் கால் துவண்டது. குதிரை நடந்தாள், குழலி நொண்டினாள். குதிரை துள்ளினாள், குழலி தடியை ஊன்றினாள். கடைசியில் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. குதிரை தேறிவிட்டாள், ஏறி ஓட்ட ஆளில்லை.

சேதி ஊருக்கு எட்டியது. முதலில் வந்தவர் ஓடக்காரர் ஏலேலர். பவளம் ஓடியதால்தான் தன் ஓடம் இத்தனை வருடம் மிதந்தது என்றார். "எனக்கும் கொஞ்சம் கொடம்மா" என்று குழலியின் காலைத் தொட்டார். அடுத்து மருத்துவச்சி காரியாள் வந்தாள். தான் ஏந்திய பிள்ளைகளை முதன்முதலில் குளிப்பாட்டியது பவளம் கொண்டுவந்த தண்ணீர்தான் என்றாள். "எனக்கும் கொஞ்சம் கொடம்மா." மூன்றாவதாக அரசனே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். முடித்துவிடச் சொல்லாமல் போனது என் பாக்கியம் என்றான். "எனக்கும் கொஞ்சம் கொடம்மா."

அவர்களுக்குப் பின்னால் ஊரே நின்றது. ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். அந்த வருடம் செஞ்சாலி நாட்டில் எல்லாரும் லேசாக நொண்டினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. குழலி எழுந்து நின்றாள்.

தை பிறந்தது. காலகண்டன் பவளத்தைப் பார்த்துச் சிரித்தான். பந்தயம் தொடங்கியது. பவளம் நன்றாகத்தான் ஓடினாள். அந்த வளைவு கண்ணில் பட்டதும் உடம்பெல்லாம் நடுங்கி நின்றுவிட்டாள். புகைக்குதிரை தாண்டிப் போயிற்று. நீரரமகள் எலும்பைக் கூட்டினாள், பயத்தை யார் எடுப்பது?

குழலி சாட்டையை எடுக்கவில்லை. கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, அவள் காதோரம் குனிந்தாள்.

"நீ ஜெயிக்காவிட்டாலும் எங்களுக்கு நீதான் பவளம். இத்தனை வருடம் தண்ணீர் தந்தாயே, அது போதும். வா, மெல்ல நடந்தே போகலாம்."

பவளம் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். பிறகு தானாகவே ஓடினாள். ஓடினாள், ஓடினாள், பழைய பவளமாகவே ஓடினாள். காலகண்டன் முணுமுணுக்க, வேர் மறுபடி எழும்பியது. அதன்மேல் ஒரே தாவு. புகைக்குதிரையை எல்லைக்கல்லுக்குச் சற்று முன்னால் பிடித்தாள், ஒரு கழுத்து தூரம் முந்திக் கல்லைத் தாண்டினாள்.

அந்தக் கணமே புகைக்குதிரை கலைந்து காற்றோடு போனது. மந்திரமெல்லாம் வடிந்துபோன காலகண்டன், வெறும் கிழவனாகக் கூட்டத்துக்குள் நழுவினான். மலைக்குப் பின்னால் இடி இடித்தாற்போல் சத்தம். ஆறு வந்தது, இனி யாரும் கட்ட முடியாதபடி வந்தது. அது நனைத்த கால்களிலெல்லாம் வலி கரைந்தது.

ஒரு வருடத் தாகத்தோடு ஜனங்கள் கரையில் நின்றார்கள். ஆனால் ஒருவரும் குனியவில்லை. அரசன் வழிவிட்டான், ஏலேலர் வழிவிட்டார், காரியாள் வழிவிட்டாள். குழலி பவளத்தைத் தண்ணீருக்குள் நடத்திப் போனாள். பவளம் அவசரமில்லாமல், வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். அதன் பிறகுதான் அந்த நாடு குடித்தது.