கை தூக்கியவர்கள்

ஆரணிக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திவந்தவர் அகிலாண்டம்மாள். வயது நாற்பதுதான். அவரைக் குருவாகக் கொண்டவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். ஹவில்தார் முனிரத்தினமும் அப்படித்தான்.

முனிரத்தினம் உலகப் போரில் வெள்ளைக்காரனின் படையில் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்தவர். இத்தாலியில் ஓர் ஆற்றங்கரையில், மேலே குண்டு பறக்க, மண்ணைக் கையால் துழாவி வெடிகளை எடுத்து வழி செய்தார். அதற்காக வீரப் பதக்கம் கிடைத்தது.

சீனப் போர் முடிந்த மறுவருஷம் அவர் மகன் கஜேந்திரன் ஊர் திரும்பினான். மாதக்கணக்கில் சீனர்களிடம் கைதியாக இருந்துவிட்டு வந்தவன். பனியில் கால்விரல்கள் சில போயிருந்தன. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா மட்டும் அவனோடு பேசவில்லை.

ஒரு மத்தியானம் முனிரத்தினம் மடத்துக்கு வந்தார். அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வீரம்கறது ரத்தத்துல வர்றதுதானேம்மா?"

"ஏன் கேக்கறீங்க ஐயா?"

"நான் பட்டாளத்துல சேர்ந்தப்ப ஒரு வெள்ளைக்கார அதிகாரி சொன்னான். மதராசிக்குச் சமைக்கத்தான் வரும், சண்டைக்கு லாயக்கில்லன்னு. பதக்கம் வாங்கி அவன் வாயை அடைச்சேன். இத்தாலிக்காரன் அப்படியில்ல. ஆப்பிரிக்காவுல கூட்டங்கூட்டமா கையைத் தூக்கிட்டு வந்தான். நாங்க பார்த்துச் சிரிச்சோம். அவன் ரத்தம் அப்படி. எனக்குப் பிறந்தவன் எப்படிம்மா கையைத் தூக்குவான்?"

அம்மாள் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவினார்.

"பதக்கம் வாங்கினீங்களே, அன்னிக்கு என்ன நடந்துது? முழுசாச் சொல்லுங்க."

சொன்னார். வழி செய்து முடிக்கும் நேரத்தில் தொடையில் குண்டு பாய்ந்தது. கூட வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அவர் கரையோரமாகவே தவழ்ந்து போனார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா. பதக்கம் குத்திவிட்டப்ப நான் செஞ்சதை அதுவரைக்கும்தான் படிச்சாங்க."

"உயிரோட எப்படி வந்தீங்க?"

முனிரத்தினம் சிரித்தார்.

"அது ஒரு தமாஷ். ஆத்துத் தண்ணியில ஓடற மாவு மில் ஒண்ணு இருந்துது. அந்த மில்லுக்காரன், இத்தாலிக்காரன்தான், என்னை உள்ள இழுத்துப் போட்டு, மாவு மூட்டைக்குப் பின்னால படுக்க வெச்சு, மேல காலிச் சாக்கைப் போட்டு மூடிட்டான். ஜெர்மன்காரங்க தேடிக்கிட்டு வந்துட்டாங்க. மில்லுக்காரன் நெத்தியில துப்பாக்கியை வெச்சு, எங்கடா அவன்னாங்க. சாக்கு ஓட்டையில பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு கையையும் தூக்கிட்டான். அழறான். கால் வெடவெடன்னு ஆடுது. பேண்ட்டுல ஒண்ணுக்குப் போயிட்டான். இதைச் சொன்னாலே பட்டாளத்துல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பானுங்க."

அம்மாள் சிரிக்கவில்லை.

"கை எங்க இருந்துது?"

"தலைக்கு மேல."

"வாய்?"

முனிரத்தினம் பதில் சொல்ல வாயெடுத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"திறக்கலம்மா" என்றார் கடைசியில்.

கீரைக்காம்புகளை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கியபடி அம்மாள் கேட்டார்.

"உங்க பையன் எதுக்குக் கையைத் தூக்கினான்?"

"தெரியாது."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டுட்டு வாங்க."

அவர் வீட்டுக்குப் போனார். கஜேந்திரன் கட்டிலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். அவர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பக்கத்திலேயே தாமும் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு என்னப்பா ஆச்சு?"

கஜேந்திரன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"தோட்டா தீர்ந்துபோச்சுப்பா. பள்ளத்துல என் பக்கத்துல கோவிந்த் சிங்னு ஒருத்தன், வடக்கே கார்வால் மலைக்காரன். வயித்துல அடி. விட்டுட்டுப் போயிடாதடான்னு என் காலைக் கட்டிக்கிட்டான். நான் ஓடியிருக்கலாம். ஓடல. சீனாக்காரங்க மேல வந்து நின்னாங்க. கையைத் தூக்கினேன்."

"அந்தப் பையன்?"

"பொழைச்சுட்டான். அவங்க டாக்டரே தைச்சு விட்டாரு." மெதுவாகச் சேர்த்துக்கொண்டான். "எனக்குப் பயமாவும் இருந்துச்சுப்பா. பொய் சொல்லக் கூடாது."

முனிரத்தினம் எண்ணெய்க் கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விரல் போன இடத்தில் அவரே தடவினார்.

மறுநாள் காலையில் மடத்துக்கு வந்து, நடந்ததைச் சொன்னார்.

"அந்த மில்லுக்காரர் இல்லன்னா நான் இல்ல. இவன் அப்பா இல்லாத பிள்ளையா வளர்ந்திருப்பான், இவன் தங்கச்சி பிறந்தே இருக்க மாட்டா. அவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லலம்மா. விடிஞ்சதும் எங்க ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. பேரு தெரியாது. இருக்காரோ இல்லையோ, அதுவும் தெரியாது. இனிமே எங்க போய்ச் சொல்றது?"

அம்மாள் வேறொன்று கேட்டார்.

"ராத்திரி பையன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். நான்தான் பரிமாறினேன். அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்."

"அப்ப, சொல்லியாச்சு ஐயா."