ஒச்சப்பன் இறங்கிய கிணறு

கல்லுக்கும் காது இருந்த காலம் அது. வறண்டுபோன ஒரு சீமையில் ஒச்சப்பன் என்றொரு கிணறுவெட்டி இருந்தான். வேலையில் சூரன், பாசக்காரன். தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் வாய் வராது, கோபம்தான் வரும்.

"இங்க வேணாம் மாமா, அந்த நாவ மரத்தடியில தோண்டுவோம்" என்று மனைவி சிலம்பாயி சொல்லியும் கேட்காமல் ஒரு மேட்டில் தோண்டினான். நாற்பது அடி போயும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் ஒரு பூதம் உட்கார்ந்து சிரித்தது.

"வீம்புதான் எனக்குச் சாப்பாடு! நீ வீம்பு பேசுற ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் ஆழத்துக்குக் கிணற்றை இறக்குவேன்!"

மேலே நின்ற சிலம்பாயி பதறிப்போய்க் கயிற்றை உள்ளே இறக்கினாள். "பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?"

"நான் பாத்த இடம் தப்பாது!" என்று கத்தினான் ஒச்சப்பன்.

திடும்! கிணறு இறங்கியது. கயிறு எட்டவில்லை.

இன்னொரு கயிற்றை அதோடு முடிந்து இறக்கினாள். "சரி மாமா, தப்பு எம்மேலதான்." கல்யாணமான நாளிலிருந்து அவள் கையாண்ட வழி அது.

"அப்படிச் சொல்லு! நான் பாத்த இடம் தப்பாது!"

திடும்! மறுபடியும் எட்டவில்லை.

சண்டை போட்டாலும் இறங்குகிறது, பணிந்து போனாலும் இறங்குகிறது. சிலம்பாயிக்கு அழுகை முட்டியது. மிச்சம் இருந்தது ஒரே கயிறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் முடிந்து இறக்கினாள்.

"மாமா, தப்பு உங்களோடது. இனிமே அதை நான் சுமக்க மாட்டேன், அதுக்காகச் சண்டையும் போட மாட்டேன். கயிறு இருக்கு. நானும் இங்கனதான் இருக்கேன்."

கீழிருந்து வசவு வந்தது. அவள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், போயிட்டியா?"

"இருக்கேன் மாமா."

அவ்வளவுதான். சண்டைக்கும் ஆளில்லை, பழியை ஏற்கவும் ஆளில்லை. ஒச்சப்பன் மெல்லக் கயிற்றைப் பிடித்தான்.

"தப்பு என்னோடதுதான் சிலம்பு. ஆனா, நீயும்..."

கிணறு உறுமியது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்னோடதுதான்" என்றான். இந்தத் தடவை 'ஆனா' இல்லை.

பூதம் சுருங்கிச் சுண்டைக்காய் அளவாகி மண்ணுக்குள் ஓடி மறைந்தது. கிணறு பழைய நாற்பதடிக்கே திரும்பியது. மேலே ஏறி வந்தவன், கயிறு அறுத்த அவள் உள்ளங்கைகளைப் பார்த்து விம்மி விம்மி அழுதான்.

மறுநாள் நாவல் மரத்தடியில் எட்டே அடியில் தண்ணீர் பொங்கியது. சீமையே குடத்தோடு ஓடி வந்து, "இடம் பாத்தது யாருப்பா?" என்று கேட்டது.

"எம் பொண்டாட்டி" என்றான் ஒச்சப்பன் சத்தமாக. "நான் பாத்த இடம் அந்தா மேட்டுல இருக்கு. பாத்து நடங்க, யாரும் விழுந்துராதீக!"