அந்த மஞ்சள் வெளிச்சம்

“எல்லாம் வந்துடுச்சு டீச்சர். அந்த வெளிச்சம் மட்டும் வரமாட்டேங்குது.”

சொன்னவர் அருளப்பன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காலம் போன காலத்தில் தூரிகையைப் பிடித்தவர். ஓவிய வகுப்பு டீச்சர் தில்ஷாத்துக்கு அவருடைய மகள் வயதுதான்.

அவர் பார்த்து வரைந்துகொண்டிருந்தது பழைய டச்சு ஓவியம் ஒன்றின் அச்சுப்படம். ஓர் அறை, அதன் கதவுக்கு அப்பால் இன்னோர் அறை. கறுப்பும் வெள்ளையுமாகத் தரைக்கல், ஒரு நாற்காலி, ஒரு செம்புக் குடம். உள்ளறை ஜன்னலோரம் காலடியில் வாளியோடு ஒரு பெண் நிற்கிறாள். படம் முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

தரைக்கல் மட்டுமே மழைக்காலம் பூராவும் அவரைப் படுத்தி எடுத்தது. அதையும் ஒரு வழி பண்ணிவிட்டார். மனிதருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

காரணம் இருந்தது. மனைவி ரெஜினா போன வருஷம் இறந்துபோனாள். இப்போது கண்ணை மூடினால் அவள் முகம் சரியாக வருவதில்லை. ஒரு மஞ்சள் சாயங்காலம் வருகிறது, அதற்குள் எங்கேயோ அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வெளிச்சத்தைக் கான்வாஸ் துணியில் பிடித்துவிட்டால் அவளும் வந்துவிடுவாள் என்று நம்பினார். இதை டீச்சரிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறார்.

தில்ஷாத் அவர் படத்தைப் பார்த்தாள்.

“நாற்காலிக்கு அடியில, நிழல்ல, என்ன நிறம் போட்டீங்க?”

“மஞ்சள் கலந்துதான். அச்சுல அப்படித்தானே இருக்கு.”

“அங்க வெயில் எப்படி சார் போச்சு?”

அருளப்பன் குனிந்து அச்சுப்படத்தை உற்றுப் பார்த்தார்.

அவள் சுவரிலிருந்து பழைய படம் ஒன்றைக் கழற்றினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு மூலையை மெதுவாகத் தேய்த்தாள். பஞ்சு டீத்தண்ணி நிறமாயிற்று. தேய்த்த இடத்தில் வானம் நீலமாகத் தெரிந்தது.

படம் கெடாமலிருக்க மேலே வார்னிஷ் பூசுவார்கள், வருஷம் போகப் போக அது மஞ்சளாகிவிடும், அந்த டச்சுப் படத்திலும் அதுதான் என்றாள்.

“அப்போ அந்தச் சாயங்காலம்?”

“சாயங்காலமே இல்ல சார். காலை. அவ தரை கழுவ வந்திருக்கா.”

அருளப்பன் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கொஞ்ச நாள் ஆளையே காணவில்லை. இருந்த ஒரு வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டாளே என்று வீட்டில் புலம்பினார். கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

பிறகு வகுப்புக்கு வந்தார். வேறு எங்கே போவார்?

தில்ஷாத் மஞ்சள் டியூபை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வெள்ளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வெள்ளையில் துளி நீலம், துளி கறுப்பு. காய்ந்த மஞ்சளின் மேல் பூச ஆரம்பித்தார். சுவர் வெளுத்தது. தரை ஈரமாயிற்று. ரெஜினாவைத் தன் கையாலேயே அழிப்பதுபோல இருந்தது அவருக்கு. ஆனாலும் நிறுத்தவில்லை.

கடைசியாக அந்தப் பெண்ணிடம் வந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். அந்த வெறும் கையில் ஜன்னலின் வெள்ளையைத் தொட்டு வைத்தார். தூரிகை நின்றுவிட்டது.

“என்ன சார்?” என்று தில்ஷாத் பக்கத்தில் வந்தாள்.

“இவளுக்குக் குளிருது டீச்சர்.”

தில்ஷாத் படத்துப் பெண்ணின் கையைப் பார்த்தாள்.

“ரெஜினாவுக்கும் விடிகாலையில குளிரும். ஃபேனை நிறுத்துங்கன்னு தூக்கத்துலயே முழங்கையால இடிப்பா.”

பெயிண்ட் கையோடு இடது விலாவைத் தொட்டார்.

“இங்க.”