சித்திரையில் அளந்த கண்மாய்

ஒரு சித்திரை மாதத்தில் ஆம்பலேந்தல் கண்மாய் எழுந்து கோர்ட்டுக்கு நடந்தாள். கண்மாய் எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள். சித்திரையில் அவளிடம் தண்ணீர் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, உடம்பு லேசாகிவிடும். வெடித்த சேற்றைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு, காய்ந்த ஆம்பல் கொடியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, வெயிலோடு வெயிலாக நடந்தாள். வழியில் பார்த்தவர்கள் ஏதோ புழுதிக் காற்று போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வழக்கு இதுதான். அவள் மடியில் ஒருத்தன் மனை போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் ஆம்பல் லேக் சிட்டி. ஆளை மூடிவிட்டு ஆளின் பெயரையே வைத்துக்கொள்ளும் துணிச்சல் யாருக்கு வரும்? அவனுக்கு வந்தது. சட்டைப்பையில் கலர் கொடிகள், கக்கத்தில் சுருட்டிய வரைபடம், வாயில் எப்போதும் சார், மேடம். நூற்று நாற்பது மனைக்கல் நட்டுவிட்டான். லாரி லாரியாக மண் வந்து கொட்டிக்கொண்டிருந்தது.

ஆம்பலேந்தலுக்குத் தன்னைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. மார்கழியில் நத்தைகுத்தி நாரைகள் வரும். அவள் நடுவில் நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும். இந்த மார்கழியில் அவை வந்து, மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்து, இறங்க இடமில்லாமல் போனால்?

கோர்ட்டில் டவாலி நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்.

"தரிசு! தரிசு! தரிசு!"

யாரும் எழவில்லை. யார் வீட்டு வழக்கோ, பாவம், ஆள் வராமல் போய்விட்டார்களே என்று ஆம்பலேந்தல் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. அவளுடைய வக்கீல் நசீமா பதறி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா, உங்களத்தான் கூப்பிடுறாக. எந்திரிங்க!"

"நான் எப்பத் தாயி தரிசானேன்?"

"ரெக்கார்டுல அப்படித்தாம்மா எழுதியிருக்கு."

ரெக்கார்டே சாட்சி சொல்ல வந்திருந்தது. தாலுகா ஆபீஸின் பழைய பதிவேடு அவர். தடித்த அட்டை, சிவப்பு நாடா, ஓரமெல்லாம் பூச்சி அரித்த வயது. குரலில் மட்டும் சந்தேகம் என்பதே கிடையாது.

"சர்வே எண் இருநூற்றுப் பதினேழு. தரிசு. நீர் இல்லை. பறவை இல்லை. ஆட்சேபணையும் இல்லை" என்றார் பதிவேட்டுக் கிழவர்.

லேக் சிட்டிக்கு முகமெல்லாம் பல். "அவ்ளோதான் சார், கேஸ் முடிஞ்சது."

நசீமா எழுந்தாள். "ஐயா, இத எந்த மாசம் அளந்து எழுதுனீங்க?"

"சித்திரை."

"ஏன் சித்திரை?"

பதிவேட்டுக் கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்னம்மா கேள்வி? ஐப்பசியில போனா அளக்குற சங்கிலி துருப்பிடிக்கும். அடிச்ச குச்சி மிதக்கும். அளக்குற ஆளு கழுத்தளவு தண்ணியில நிக்கணும். எந்தக் கண்மாயா இருந்தாலும் நாங்க காஞ்ச பொறவுதான் அளப்போம். அதான் முறை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்மாய் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்துப் போய், ஆள் இல்லைன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க" என்றார். "ஐப்பசியில மறுபடி அளக்கணும். அன்னைக்கு அளந்த அதே சங்கிலி போகட்டும். அதுவரைக்கும் அங்க ஒரு கூடை மண்ணு விழக் கூடாது."

வெளியே வந்ததும் ஆம்பலேந்தல் கேட்டாள்: "இந்த வருசம் மழை பெய்யலேன்னா?"

நசீமா பொய் சொல்லத் தெரியாத வக்கீல். "தோத்துப் போவோம்மா" என்றாள்.

தடை உத்தரவு என்பது ஒரே ஒரு தாள். அதைக் கரைமேல் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தாள் நசீமா. லாரிகள் வந்தன. தாளைப் பார்த்து உறுமின. கொஞ்ச நேரம் நின்று, வந்த வழியே திரும்பிப் போயின. ஆம்பலேந்தலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அத்தனை பெரிய சக்கரங்கள், இத்தனூண்டு தாள்.

வைகாசி போயிற்று. ஆனி, ஆடி போயிற்று. ஆவணியில் நாலு தூறல் விழுந்து மண் வாசனையைக் கிளப்பிவிட்டு ஏமாற்றியது. அவள் படுத்தபடியே மேகங்களை எண்ணிக்கொண்டு கிடந்தாள். கண்ணயர்ந்தால் கனவில் தண்ணீர் வரும். விழித்தால் வெடிப்பு ஒரு விரற்கடை அகலமாகியிருக்கும்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் லேக் சிட்டி கரையோரமாக வந்து குந்தினான்.

"எதுக்கும்மா இந்த அலைச்சல்? மழை வராது. கேஸை வாபஸ் வாங்கிடு. நுழைவாயில்ல ஒரு பவுண்டன் கட்டி உன்னை அதுல விட்டுடறேன். வருஷம் பூரா தண்ணி. கலர் லைட்டு. குழந்தைங்க வந்து போட்டோ எடுத்துப்பாங்க."

வருஷம் பூரா தண்ணீர் என்றதும் அவள் நாக்கு ஊறியது. ஊறவில்லை என்று சொன்னால் பொய். ஆறு மாதத் தாகம் அது.

"நாரை எங்கய்யா உக்காரும்?" என்று கேட்டாள்.

"சிமென்ட்ல ரெண்டு கொக்கு செஞ்சு நிறுத்தறேம்மா. வெள்ளை பெயிண்ட் அடிச்சு. நிஜக் கொக்கே தோத்துப் போகும்."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிரவு முழுக்க அழுதாள். அழுவதற்குக்கூட ஈரம் இல்லாமல் அழுதாள்.

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள் வானம் இறங்கி வந்தது. அதை மழை என்று சொல்வது குறைவு. வாய்க்கால்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தன. ஆம்பலேந்தல் எழுந்து உட்கார்ந்தாள், கையை நீட்டினாள், காலை நீட்டினாள், இன்னும் நீட்டினாள். மனைக்கற்கள் ஒவ்வொன்றாக முழுகின. கலர் கொடிகள் மிதந்து போயின. பூமிக்கு அடியில் தூங்கிய ஆம்பல் கிழங்குகள், விடிந்துவிட்டதா என்று கண்ணைத் திறந்தன.

அளக்க வந்தார் சங்கிலிக் கிழவர், அன்று அளந்த அதே சங்கிலி. உத்தியோகத்தில் இருந்தவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படாத உடம்பு. கூசிக் கூசி இறங்கினார்.

"தாயி, இப்படி ஒரு ஆளா நீங்க?" என்றார். "எலும்பும் தோலுமாக் கிடந்தப்ப வந்து அளந்துட்டுப் போயிட்டேனே. மன்னிச்சுக்கோங்க."

"பேசாம அளங்க பெரியவரே. கிச்சுகிச்சு மூட்டுது."

அவர் அளந்தார். நூற்று நாற்பது மனைகளையும் அளந்து தாண்டினார். தார் ரோட்டைத் தாண்டினார். தண்ணீர் போன இடமெல்லாம் போனார். தண்ணீர் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை. ஆம்பலேந்தலுக்கு உடம்பில் எங்கோ மரத்துப் போன ஒரு பாகம் மெல்ல உயிர் பெறுவது தெரிந்தது. இத்தனை வருஷம் அப்படி ஒரு இடம் தனக்கு இருப்பதையே அவள் மறந்திருந்தாள். அங்கே ஒரு வாசற்படி. படியேறினால் ஒரு கூடம். கூடத்தில் பெஞ்சுகள், ஒரு கூண்டு, ஒரு உயரமான மேடை. டவாலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

சங்கிலிக் கிழவர் மேடைவரை நீந்தி வந்து தலையைத் தூக்கினார்.

"ஐயா, கொஞ்சம் காலத் தூக்கிக்கோங்க. எல்லை இன்னும் அந்தப் பக்கம் இருக்கு."

நீதிபதி தூக்கிக்கொண்டார். சங்கிலி அவர் நாற்காலிக்கு அடியில் புகுந்து, பின்சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற லேக் சிட்டியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "சார்! அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்! நமக்குள்ள எதுக்கு சார் தீர்ப்பு?"

ஆம்பலேந்தல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் முழுவதிலும் ஒரு சிற்றலைகூட எழவில்லை.

நீதிபதி குனிந்து நாற்காலிக்கு அடியில் ஓடிய சங்கிலியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேனாவை உதறி எழுதினார். மனைகள் ரத்து. கல்லும் மண்ணும் அகற்றப்பட வேண்டும். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தி, தாளின் உச்சிக்குப் போனார். அங்கே முதல் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் ஆம்பல் லேக் சிட்டி என்று இருந்தது. அதற்குக் கீழே, இரண்டாம் எதிர்மனுதாரர் என்று போட்டு, தான் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் பெயரை எழுதினார்.