ஒரு அடி தள்ளிப் பிடித்த டேப்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டிய வழக்கு இது.

இசக்கியப்பன் ஜல்லி சுமந்து, கம்பி வளைத்து, அப்புறம் அளவு பிடிக்கக் கற்றவன். படிப்பு எட்டாவது. காண்டிராக்டர் வைகுண்டம் அண்ணாச்சி பதினெட்டு வருஷமாக எடுத்த கட்டிடம் அத்தனைக்கும் முளையடித்து, நூல் கட்டி, தூண் குழிக்குக் குறி போட்டது அவன் கைதான்.

அங்கே வந்து சேர்ந்தாள் மரியபுஷ்பம். டிப்ளமோ சிவில். வந்து எட்டே மாதம். முன்பெல்லாம் பிளானை விரித்ததும் இசக்கியப்பன் பக்கம் திரும்பும் அண்ணாச்சியின் தலை இப்போது அவள் பக்கம் திரும்பியது. "எதுக்கும் புஷ்பத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார். அவள் பென்சில் சீவினாலும் இவனுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் சுரண்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலை கிடைத்தது. அண்ணாச்சி இருவரையும் மனையில் நிறுத்திச் சொன்னார்: "நடுக்கோட்டுக்குக் கிழக்க புஷ்பம் குறிக்கட்டும். மேற்க இசக்கி குறிக்கட்டும். எவர் குறியில பிழை இல்லையோ, மண்டபம் முடியுற வரைக்கும் சைட்டு அவர் கையில. மத்தவரு அவரு சொல்லுக்குக் கட்டுப்படணும்."

கட்டுப்படுவதா? பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு சின்னப் பெண்ணிடம் போய், "அடுத்து என்ன செய்யட்டும்?" என்று நிற்பதா? அதைவிட மண்வெட்டி பிடிக்கப் போய்விடலாம் என்று இருந்தது இசக்கியப்பனுக்கு.

சைட்டில் டேப் ஒன்றுதான். புஷ்பம் லீவில் இருந்த அன்று அதன் முனை பிய்ந்துவிட்டது. முனை போன டேப்பை அளவுக்காரர்கள் தூக்கி எறிவதில்லை. பூஜ்யத்தில் பிடிக்காமல் ஒரு அடிக் கோட்டில் பிடிப்பார்கள். மறுபக்கம் வாசிப்பவர், நாற்பதடி வேண்டுமென்றால் நாற்பத்தொன்றில் குறி போடுவார். முனை பிடிக்கும் சித்தாள் பேச்சியம்மாளுக்கு, "இனிமே ஒரு அடியிலயே பிடி" என்று சொல்லிக் கொடுத்தது இசக்கியப்பன்தான்.

மறுநாள் காலை புஷ்பம் முதலில் குறித்தாள். பேச்சியம்மாள் நடுக்கோட்டு முளையில் குனிந்து ஒரு அடியில் பிடித்தாள். முனை பிய்ந்தது தெரியாமல், நாற்பதடி தள்ளி நின்ற புஷ்பம் நாற்பதிலேயே குறித்தாள். மூலைக்கு மூலை குறுக்காக இழுத்துப் பார்த்தாள், இரண்டு குறுக்களவும் ஒத்துப்போயின. ஒத்துத்தானே போகும்? இரண்டு ஓரமும் ஒன்றுபோலக் குறைந்தால் மூலை கோணாது. மண்டபம்தான் ஒரு அடி குட்டையாகும்.

இசக்கியப்பன் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். "நாப்பத்தொண்ணு" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பீடியை வைத்து அதை அடைத்தான். பிறகு டேப்பை வாங்கித் தன் பாதியை நாற்பத்தொன்றில் குறித்தான். சாயங்காலம் ஜேசிபி வந்து குழிகளைத் தோண்டிவிட்டுப் போனது. நாளைக்குக் கான்கிரீட் விழட்டும், விழுந்த பிறகு அண்ணாச்சியே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது அவன் கணக்கு.

விடிந்தது. கலவை லாரி மனைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கிழக்குக் குழிகளைச் சுற்றி வந்த அண்ணாச்சி உரக்கக் கூப்பிட்டார்.

"ஏ இசக்கி, இங்க வந்து பாரு! புஷ்பம் குறிச்சது கண்ணாடி மாதிரி இருக்கு. படிச்ச கைன்னா படிச்ச கைதான்!"

இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடியிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். முடியவில்லை.

"கண்ணாடியா? ஒரு அடி குறையுது அண்ணாச்சி! டேப்பைப் போட்டுப் பாருங்க!"

போட்டார்கள். குறைந்தது. லாரி நின்றது. அண்ணாச்சியின் முகம் கறுத்தது.

"நீ எப்பம்லே பார்த்தே?"

இசக்கியப்பனுக்குக் கோபம் வரும், பொய் வராது. "நேத்தே பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பீடி குடிச்சேன்."

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லியிருப்பீகன்னுல்லா இசக்கியண்ணன் சொன்னபடி நான் பாட்டுக்கு ஒரு அடியில பிடிச்சேன்!"

புஷ்பத்துக்குக் கண் கலங்கியது, குரல் உடையவில்லை. "நான் நடந்து போய் முனையைப் பார்த்திருக்கணும் அண்ணாச்சி. பார்க்கல. பிழை என்னோடதுதான். குழியை இன்னைக்கே தள்ளி வெட்டிருதேன்." அப்புறம் இசக்கியப்பனிடம் திரும்பினாள். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே."

"பரீட்சையில பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுப்பாங்களா டீச்சரம்மா?" என்றான் அவன். "அண்ணாச்சி, உங்க வாக்கு என்ன? பிழை இல்லாத குறி யாருதோ அவருக்குச் சைட்டு. என் பாதியில டேப்பைப் போடுங்க. ஒரு நூல் தப்புன்னா மீசையை எடுத்துக்கிடுதேன்!"

அங்கேயும் போட்டார்கள். ஒரு நூல்கூடத் தப்பவில்லை.

அண்ணாச்சி நடுக்கோட்டில் நின்று தலையைச் சொறிந்தார். ஒரு பக்கம், கை பிசகியும் அதை மறைக்காதவள். மறுபக்கம், கை பிசகாமல் பார்த்ததை மறைத்தவன். ஆனாலும் கான்கிரீட் விழாமல் காப்பாற்றியதும் அவன் வாய்தான். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

சொன்ன வாக்கும் தவறக்கூடாது, நியாயமும் கெடக்கூடாது. அண்ணாச்சி சைட்டை யார் கையில் கொடுக்க வேண்டும்?

விடை: புஷ்பத்தின் கையில். டேப் பிடிக்கிற விதத்தை மாற்றியவர்தான் வாசிப்பவருக்குச் சொல்ல வேண்டும். அளவுத் தொழிலில் அது பாதி வேலை. மாற்றியவன் இசக்கியப்பன். ஆகவே கிழக்கே குறைந்த அந்த ஒரு அடியில் அவனுக்கும் பங்கு உண்டு. அவளுக்குத் தெரியாமல் விழுந்த பிழை, இவனுக்குத் தெரிந்தே விழுந்தது. பிழையில்லாதவர் என்று அந்த மனையில் ஒருவரும் இல்லை, ஆகவே அந்த வாக்கின்படி சைட் கேட்க இருவருக்கும் உரிமை இல்லை. வாக்கு போனால் நியாயம்தான் மிச்சம்: தன் பிழையைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவளுக்குத்தான் சைட். இதைச் சொன்ன அண்ணாச்சி இசக்கியப்பனை விரட்டவில்லை. நாலு இடத்தில் அடிபட்டுப் பேரம் படித்த மனுஷர் அவர். "அவ போடுற ஒவ்வொரு குறியையும் நீ அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் கான்கிரீட்டு" என்று சொல்லிவிட்டார். பொறாமைக்காரன் கண்ணைவிட நல்ல ரசமட்டம் எந்தக் கடையிலும் கிடைக்காது.