நெருஞ்சிக்குள் ஒரு வீடு

செடியும் பூச்சியும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில் நெருஞ்சிக்கு முள் கிடையாது. மஞ்சள் பூவும் மெத்தென்ற காயுமாகத் தரையோடு கிடந்தது. ஆடுகள் காயை மென்று தின்றன. நெருஞ்சி சூரியனைப் பார்த்து அழுதது. சூரியன் இரங்கி, காயைச் சுற்றி முள் கொடுத்தது. அவ்வளவுதான் முன்கதை.

வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடும் சாத்தையாவும் பெண்சாதி முத்திருளாயியும் அறுபது ஆட்டோடு ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தக் கோடையில் ஒரே ஒரு கண்மாயில்தான் தண்ணீர். போகிற வழியில் ஒரு பொட்டல். பொட்டல் முழுக்க நெருஞ்சி, வெயிலே தரையில் படுத்துத் தூங்குவது மாதிரி. முதலில் கால் வைத்த கிடாய் நொண்டிக்கொண்டு திரும்பியது. மற்றவை நகரவில்லை.

"போன வருஷம் இங்க ஒரு முள்ளு இல்லையே" என்றான் சாத்தையா.

"எப்படி இருக்கும்? நாமதான் ஆட்டுக் குளம்புல ஏத்திக் கொண்டாந்து கிடை போட்ட இடமெல்லாம் விதைச்சிருக்கோம். பேசாம கிடாய் காலைப் பிடி" என்று முள்ளைப் பிடுங்கினாள் முத்திருளாயி.

அவள் முழங்காலில் ஒரு வண்டு ஏறியது. கம்பு மணி அளவுதான். அப்போது அதற்கு நேரான முதுகு, குட்டை வாய்.

"ஆத்தா, என் முட்டையெல்லாம் வெயிலில் காய்ந்து போகிறது. ஒரு வீடு காட்டு."

"நல்ல ஆளாப் பாத்துக் கேட்ட! எனக்கே வீடு கிடையாது." பிடுங்கிய முள்ளுக்காயை வண்டின் முன்னால் வைத்தாள். "இந்தா. வெளியிலதான் முள்ளு. உள்ள என்னன்னு போய்ப் பாரு."

வண்டு பொட்டலுக்குள் இறங்கி ஒரு பச்சைக் காயைத் துளைத்தது. துளைக்கத் துளைக்க வாய் நீண்டு மூக்கானது. நுழைந்தது. இடுக்கு அறை, முதுகு வளைந்தது. உள்ளே குளிர்ச்சி, பச்சை வெளிச்சம், பால் மாதிரி விதை. முட்டை இட்டது.

நெருஞ்சி சிலிர்த்தது. "உள்ளே யார்?"

வண்டு ஆறு காலையும் மடக்கி அசையாமல் கிடந்தது.

"தூசி" என்று சொல்லிக்கொண்டு நெருஞ்சி கண் மூடியது.

சேதி பரவி வண்டுக் கூட்டமே வந்தது. அக்காள் பிள்ளைகள் காய்க்குள், தங்கை பிள்ளைகள் தண்டுக்குள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து நாள் நீளம். பொட்டலைத் தாண்ட முடியாத ஆடுகள் கல்லில் படிந்த பனியை நக்கிக் கிடந்தன. இரண்டு குட்டி செத்துப்போயிற்று.

முட்டை பொரிந்து வந்த புழுக்கள் விதையையும் தண்டையும் உள்ளிருந்தே தின்றன. ஒரு நாள் காலை கொடிகள் வாடிச் சுருண்டன. காற்று வெற்றுக் காய்களை ஒதுக்கித் தள்ளியது. ஓர் ஆடு அகலத்துக்கு வழி. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போய்க் கண்மாயில் வாய் வைத்தன.

"மிச்சத்தையும் தின்னுட்டுப் போயேன்" என்றான் சாத்தையா வண்டிடம்.

"தின்றுவிட்டு எங்கே குடியிருக்க? உன்னை மாதிரி அலையவா?" என்றது வண்டு.

நெருஞ்சி சூரியனிடம் கதறியது. "உள்ளேயும் முள் கொடு!"

"உள்ளே வைத்தால் உன் விதையைத்தான் குத்தும்" என்று சூரியன் மேற்கே நடந்தது.

அன்று வளைந்த முதுகு கூன்வண்டுக்கு இன்னும் நிமிரவில்லை. தொட்டால் இன்னும் காலை மடக்கித் தூசி மாதிரி கிடக்கும். நெருஞ்சிப் பூவும் அன்றிலிருந்து, கிடைக்காத அந்த வரத்தைக் கேட்டு, சூரியன் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது.