வலது மீசை சொன்ன சாட்சி

கரும்பூர் ஜமீன்தாருக்கு மீசை என்றால் உயிர். ஆனால் கொஞ்ச காலமாக வலது மீசை இடதைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. ஏனென்று கேட்க ஊரில் யாருக்கும் தைரியமில்லை.

ஒருநாள் கொல்லர் பொன்னுலிங்க ஆசாரி, தான் செய்த ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியோடு அரண்மனைக்கு வந்தார்.

“என் சீமைத் துப்பாக்கி ஐந்து குண்டு சுடும். இது ஒன்றுதானா?” என்று சிரித்தார் ஜமீன்தார். மூன்று கண்ணும் தெரியச் சீவிய நுங்கை நூறு கஜம் தள்ளி வைக்கச் சொன்னார். “அதை அடி. தப்பினால் உன் பட்டறையை இடித்துவிடுவேன்.”

“எந்தக் கண்ணை அடிக்கணும் எசமான்?”

ஆசாரி துப்பாக்கியைத் தோளில் ஏந்தினார்.

“மேல் கண்ணை!”

ஒரே வெடி. மேல் கண் பீய்ச்சியடித்தது. கீழே இரண்டு கண்ணும் அசையாமல் அப்படியே இருந்தன.

“குறி சரி. ஆனால் பட்டறைத் துப்பாக்கி நெருப்பைக் கக்கி முகத்தைப் பொசுக்குமே?”

குண்டு போட்டு மூடும் இடத்தில் ஆசாரி ஒரு பொட்டுப் பஞ்சை ஒட்டி மறுபடி சுட்டார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஜமீன்தார் அங்கே நகத்தை ஓட்டிப் பார்த்தார். எங்கே திறக்கும், எங்கே மூடும் என்று நகத்துக்கே தெரியவில்லை. அப்படியும் விடவில்லை.

“என் துப்பாக்கிக்கும் பஞ்சை வை, பார்ப்போம்!”

“பஞ்சு எதுக்கு எசமான்?” ஆசாரி கைகட்டி நின்றார். “அதான் உங்க வலது மீசையே சொல்லுதே!”

அடுத்த பொங்கலுக்குள் ஜமீன்தாரின் இரண்டு மீசையும் சமமாக வளர்ந்துவிட்டன.